வரி தடவிய வரியப்பன்

பனிக்கட்டி மிதக்கும் வடகடலின் அடியில், சேறும் மணலும் கலந்த ஒரு மேட்டில், சிப்பிக் குடும்பம் ஒன்று குடியிருந்தது. எல்லோரும் குட்டையான, தடித்த ஓட்டுக்காரர்கள். ஓட்டின் மேல் பழுப்பு நிறத்தில் ஒரு தோல். தோலை அழுத்தினால் வரிவரியாக மேடு.

சில சிப்பிகளுக்கு நீளமான குழாய் உண்டு. ஆழத்தில் புதைந்துகொண்டு குழாயை மட்டும் மேலே நீட்டும். இவர்களுக்கு அந்த வசதி இல்லை. அதனால் பாதி மணலுக்குள்ளும் பாதி வெளியிலுமாக உட்கார்ந்து, தண்ணீரை உறிஞ்சி, அதில் வரும் பாசித் துணுக்கைத் தின்று, மிச்சத்தைத் துப்பிக்கொண்டிருந்தார்கள். குளிர்ந்த கடல் ஆயிற்றே! அங்கே யாருக்கும் எதற்கும் அவசரம் கிடையாது.

குடும்பத்துக்குத் தலைவர் வரியப்பன். புதிதாக யார் வந்தாலும் தன் ஒற்றைக் காலை நீட்டி, வந்தவரின் ஓட்டைத் தடவிப் பார்ப்பார். கண் இல்லாத குடும்பம், வேறென்ன செய்வது? வரி தட்டுப்பட்டால், "நம்ம ஆளு! உள்ளே வா!" என்பார். தட்டுப்படாவிட்டால், "நடையைக் கட்டு!" என்பார். பெண் பார்க்கப் போன இடத்தில் நிறத்தை மட்டும் பார்த்துவிட்டு வருகிறவர்கள் நம் ஊரிலும் இருக்கிறார்கள். அதனால் அவரைப் பார்த்து ரொம்பவும் சிரிக்க வேண்டாம்.

ஒரு குளிர்காலத்தில் பெரிய பனிப்பாறை ஒன்று கடலடியை உரசிக்கொண்டே போனது. பவளாயி என்ற சிப்பி அதில் மாட்டிக்கொண்டாள். பாறை அவளை உருட்டித் தேய்த்து எங்கோ கொண்டுபோய் விட்டது. ஒற்றைக் காலால் மணலை உந்தி உந்தி, பாவம், அவள் ஊர் வந்து சேர்ந்தாள்.

"மாமா! நான்தான் பவளாயி! வந்துட்டேன்!"

வரியப்பன் தடவிப் பார்த்தார். தோல் இல்லை. வரி இல்லை. எல்லாம் வழவழவென்று இருந்தது.

"நீ பவளாயி இல்லை. எங்க குடும்பத்துல இப்படி மொழுமொழுன்னு யாரும் கிடையாது!"

"பனிப்பாறை தேய்ச்சிடுச்சு மாமா! ஓட்டு உச்சியில துருத்திக்கிட்டிருக்கே உங்க மூக்கு, அதைத் தொட்டுப் பாருங்க. அங்க உங்களுக்கும்தான் தோல் உரிஞ்சு வழுக்கையா இருக்கு. அதுக்காக உங்களை யாராவது விரட்டினாங்களா?"

பக்கத்துச் சிப்பிகள் கிளுக்கென்று சிரித்தன. தலைவருக்கு மூக்கைச் சொன்னது பொறுக்கவில்லை.

"வாய் நீளுது! ஓரமாப் போ!"

ஓரத்தில் மணல் இல்லை, வெறும் சரளைக் கல்தான். அங்கே புதைய முடியாது. நட்சத்திர மீன்கள் இரை தேடி வரும் வழியும் அதுதான். பவளாயி ஓட்டை இறுக்க மூடிக்கொண்டு நடுங்கினாள். கடைசி வரிசையில் இருந்த குழியம்மா மட்டும் அவளிடம் மெதுவாகச் சொன்னாள்:

"என் மேல ஒட்டினாப்ல உட்கார்ந்துக்கோடி. அவரு கிடக்கிறாரு!"

சில நாளில் இன்னொரு விருந்தாளி வந்தான்.

"வணக்கம் மாமா! என் பேரு சிங்காரம். தூரத்துச் சொந்தம்!"

வரியப்பன் தடவினார். ஆகா! அப்படி ஒரு வரி, அப்படி ஒரு தோல்! "வம்சம்னா இதுதான்டா வம்சம்! வா, என் பக்கத்துலயே உட்காரு!" என்று நடு இடத்தைக் கொடுத்துவிட்டார்.

உண்மையில் சிங்காரம் சிப்பியே அல்ல. எட்டுக் கால் கொண்ட ஒரு சின்னப் பேய்க்கணவாய். செத்த சிப்பிகளின் ஓடுகள் கிடந்த இடத்தில் அழகாக இருந்த இரண்டைப் பொறுக்கி, நடுவில் சுருண்டு உட்கார்ந்து, உறிஞ்சிகளால் உள்ளிருந்தே இழுத்து மூடிக்கொண்டு வந்திருந்தான். சிப்பி என்றால் அவனுக்கு உயிர். சாப்பிடத்தான்!

மூடிய சிப்பியைத் திறக்கப் பாடுபட வேண்டும். திறந்த சிப்பி என்றால் காலை உள்ளே விட்டால் போதும். வசந்தம் பிறந்ததும் மேலே பாசி பெருகி, அடிக்கடலுக்குத் தீனி மழையாக இறங்கும். அப்போது குடும்பமே ஓட்டை அகலத் திறந்துகொண்டு உட்காரும். அந்த நாளுக்காகத்தான் சிங்காரம் காத்திருந்தான்.

ஒரு நாள் ஒரு பெரிய மீன் மேலே போனது. தண்ணீர் அதிர்ந்ததும் எல்லாச் சிப்பிகளும் ஓட்டை மூடின. டிக், டிக், டிக்! நடுவிலிருந்து மட்டும் 'கரக்' என்று ஒரு உரசல். சரளைக் கல் வழியாக அந்த அதிர்வு பவளாயிக்கு நன்றாகவே தெரிந்தது.

"குழியம்மாக்கா, கவனிச்சீங்களா? நம்ம ஓட்டு மூட்டுல, உள்பக்கம் பல்லு இருக்கு. ஒரு ஓட்டோட பல்லு அடுத்த ஓட்டோட குழியில போய் உட்காரும். அதான் டிக்குன்னு மூடும். சிங்காரத்துக்கு ஏன் கரக்குங்குது?"

குழியம்மா அதைத் தலைவரிடம் சொன்னாள். அவர் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"பொறாமை! வரி இல்லாதவளுக்கு வரி உள்ளவனைக் கண்டா வயித்தெரிச்சல்!"

வசந்தம் வந்தது. மேலிருந்து பாசி மெல்ல மெல்ல இறங்கியது. குடும்பமே குஷியாகி, ஓட்டை அகலத் திறந்தது. நடுவில் சிங்காரமும் திறந்தான். ஒரு கால் வெளியே வந்தது. இரண்டாவது கால் வந்தது.

நடுவில் மணல் நெளிவது சரளை ஓரத்தில் இருந்த பவளாயிக்கு உறைத்தது. அவள் பேசாமல் இருந்திருக்கலாம். 'என்னை விரட்டினவருக்கு நல்லா வேணும்' என்று தன் ஓட்டை மட்டும் மூடிக்கொண்டிருக்கலாம். அப்படி ஒரு நினைப்பு அவளுக்கு வரத்தான் செய்தது. வந்த வேகத்தில் போயும் விட்டது. சிங்காரத்தைப் பற்றிச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள், மீன் என்றால்தான் மூடுவார்கள்.

"மீனு! பெரிய மீனு! எல்லாரும் மூடுங்க!"

டிக், டிக், டிக்! குடும்பம் முழுக்க மூடிக்கொண்டது. மீன் என்றால் பேய்க்கணவாய்க்கும் பயம்தான். சிங்காரம் கால்களை வெடுக்கென்று உள்ளே இழுத்து, ஓட்டை முழுப் பலத்தோடு மூடினான். கரக்! பல் பல்லோடு மோதியது. அழகைப் பார்த்துப் பொறுக்கியவன் ஜோடி பார்க்கவில்லை. இரண்டுமே வலது பக்கத்து ஓடு! இரண்டும் வழுக்கி ஆளுக்கொரு பக்கம் விழ, சிங்காரம் வெட்டவெளியில் அம்மணமாக நின்றான்.

"சிப்பி இல்லை! பேய்க்கணவாய்!" என்று, மணலில் எட்டுக் கால் துழாவுவதை உணர்ந்த குழியம்மா அலறினாள்.

மானம் போனாலும் பசி போகுமா? சிங்காரம் வரியப்பனைக் கட்டிப் பிடித்து இழுத்தான். தலைவர் தன் தசை முழுவதையும் இறுக்கிக்கொண்டு, உள்ளிருந்து, "ஐயோ மாப்ளே, விட்டுடுடா!" என்று கத்தினார். இழுத்த இழுப்பில் சேறு கலங்கி மேலே எழுந்தது. அந்தக் கலங்கலைப் பார்த்து, இந்தத் தடவை நிஜமாகவே ஒரு பெரிய மீன் வந்துவிட்டது! சிங்காரம் மையைக் கக்கிவிட்டு எடுத்தான் ஓட்டம்!

தண்ணீர் தெளிய ரொம்ப நேரம் ஆனது. முதலில் திறந்தது வரியப்பனின் ஓடுதான்.

"பவளாயி... நீ பவளாயிதானே?"

"அன்னைக்கே சொன்னேனே மாமா!"

"எங்கே, ஓட்டை ஒரு தடவை மூடிக் காட்டு."

டிக்!

அந்தச் சத்தம் மணல் வழியாக வந்து சேர்ந்ததும் தலைவருக்கு உறைத்தது. ஆள் அடையாளம் இவ்வளவு நாளும் உள்ளே இருந்திருக்கிறது, அவர் வெளியே தடவிக்கொண்டிருந்திருக்கிறார்! "தப்புப் பண்ணிட்டேன்டா கண்ணு" என்றார். பிறந்ததிலிருந்து இடம் மாறாத மனிதர், ஒற்றைக் காலை ஊன்றி, முக்கி முனகி நகர்ந்து, தன் பக்கத்திலேயே நல்ல மணலில் அவளுக்கு இடம் விட்டார். அவர் நகர்ந்ததால் பக்கத்துச் சிப்பி நகர, அதனால் அடுத்தது நகர, அன்று முழுக்க அந்த மேட்டில் ஒரே இடிப்பும் சிரிப்பும்தான்.

மேல்தோலைத் தடவிப் பார்த்து உறவைத் தீர்மானிக்கிறவர், சொந்தத்தைத் தெருவில் நிறுத்திவிட்டு எதிரியை நடுவீட்டில் உட்கார வைப்பார்.