அரைக்கட்டை ஏற்றிய பியானோ

சாலோம்புரம் சபையாரைப் போலச் சொன்ன சொல் தட்டாதவர்கள் அந்த வட்டாரத்திலேயே கிடையாது. பியானோ விஷயத்தில் நடந்ததற்கும் அதுதான் காரணம்.

அந்தக் கோயிலில் பியானோ வாசிக்கத் தெரிந்த ஒரே ஆள் ரோசலின் டீச்சர். அவர் படியில் வழுக்கி மணிக்கட்டை உடைத்துக்கொண்டு மகள் வீட்டுக்குப் போய்விட்டார். அந்த நேரம் பார்த்து, ஞாயிற்றுக்கிழமை பேராயர் வருவதாகச் செய்தி வந்தது. வாசிக்க ஆளில்லை என்றால் பியானோவைப் பக்கத்து ஊர்ச் சபைக்குக் கொடுத்துவிடுவாராம்.

பாடகர் குழுத் தலைவர் ஞானசிகாமணிக்குச் சோறு இறங்கவில்லை. தினமும் அந்தப் பியானோவைத் துடைப்பவர் அவர்தான். துடைக்கும்போது வந்த சத்தத்தை வைத்து, தனக்கும் கொஞ்சம் வாசிக்க வரும் என்று நம்பியிருந்தார்.

டீச்சர் ஒரு தாளை அனுப்பிவைத்தார். அதில் பழைய ஞானப்பாட்டு ஒன்றின் மெட்டு மட்டும் இருந்தது. மெட்டுக்கு மேலே அங்கங்கே, இடது கைக்கான சுரத்தைக் குறிக்க ஒற்றை ஆங்கில எழுத்து. எப்படி வாசிப்பது என்று போனில் விளக்கினார்.

“மேல எழுத்து மாறும்போதெல்லாம் இடது கை மாறணும். தாள்ல உள்ளதை மட்டும் வாசிச்சா சப்புன்னு இருக்கும், உங்க சொந்தச் சரக்கையும் கொஞ்சம் போடுங்க. கடைசிச் சரணத்துக்குச் சுருதிய அரைக்கட்டை ஏத்திருங்க. பேராயருக்குக் கண்ணு கலங்கிரும்.”

ஞானசிகாமணி குழுவைக் கூட்டினார். குழு என்றால், மர அறுவை மில்லில் வேலை பார்க்கும் எபநேசரும் மளிகைக்கடை தங்கப்பழமும்.

“இடது கை மாறணும்னா, ஆளு மாறணும்” என்றார் ஞானசிகாமணி. “எனக்கு ஒரு இடது கைதான இருக்கு.”

அது நியாயமாகப் பட்டது. எழுத்துகள் பேரின் முதல் எழுத்துகள் என்பதும் அப்போதே விளங்கியது. ஜி என்றால் ஞானசிகாமணி. ஈ என்றால் எபநேசர்.

“டி நான்” என்றார் தங்கப்பழம்.

“அது டாக்டருக்கு வர்ற டிலே. உன்னது டீச்சருக்கு வர்ற டி.”

“எப்படிச் சொன்னாலும் டிதான அண்ணாச்சி?”

இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்தார்கள். ஒன்றாகத்தான் கேட்டது.

“சி யாரு?”

“சார்லஸ். அவர்தான் போன வருஷம் தவறிட்டாரே.”

“அப்ப அந்த இடத்துல வாசிப்ப நிறுத்திட்டு, கையக் கட்டி மரியாதையா நிப்போம்.”

அடுத்தது சொந்தச் சரக்கு. “நான் ஆபீஸ்ல இருந்து ரிட்டயர் ஆனவன். சொந்தமா ஒண்ணும் செஞ்சதில்ல” என்று ஞானசிகாமணி ஒதுங்கிக்கொண்டார். தங்கப்பழம் கடைக்குப் போய் அரைக்கிலோ மிளகாய்த்தூள் கொண்டுவந்து, பியானோவின் மூடியைத் திறந்து உள்ளே கொட்டினார். சப்பென்று இருப்பதற்கு அதைவிட நல்ல சரக்கு அவர் கடையில் இல்லை.

கட்டைக்கு எபநேசர் பொறுப்பேற்றார். “நீளவாக்குல பாதியா, குறுக்கால பாதியா அண்ணாச்சி?”

ஞானசிகாமணி கண்ணை மூடி யோசித்தார். “நீளவாக்குல அறுத்தா பலகை ஆயிருமே. டீச்சர் கட்டைன்னுல்லா சொன்னாங்க.”

குறுக்கே அறுத்ததில் நல்ல உருண்டையான பாதிக் கட்டை கிடைத்தது.

ஞாயிற்றுக்கிழமை மூவரும் வாசலுக்கு முதுகைக் காட்டிப் பியானோ முன் நின்றார்கள். முதல் சரணத்தில் சி வந்ததும் நிறுத்திவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார்கள். ஏன் என்று தெரியாமல் சபையும் எழுந்து நின்றது. பேராயரும் நின்றார். இரண்டாம் சரணத்தில் மிளகாய் கிளம்பியது. முதலில் பெண்கள் பக்கம் தும்மியது, பிறகு ஆண்கள் பக்கம்.

கடைசிச் சரணம் வந்ததும் எபநேசரும் தங்கப்பழமும் பியானோவின் பின்பக்கத்தைத் தூக்கிக் கட்டையைச் செருகினார்கள். உருண்டைக் கட்டை உருண்டதில் பியானோ வாசல் பக்கமாக நகரத் தொடங்கியது. ஞானசிகாமணி வாசிப்பை விடாமல் பின்னோக்கியே நடந்தார். தங்களுடைய எழுத்து வந்தபோது மற்ற இருவரும் ஓடிவந்து இடது கையை வைத்தார்கள். வாசலுக்கு அருகே சி வந்தது. மூவரும் கையைக் கட்டி நின்றார்கள். பியானோ நிற்கவில்லை. நின்றபடியே மூவரும் வெளியே தள்ளப்பட்டார்கள். பியானோ வாசலில் சிக்கிக்கொண்டது.

உள்ளே பேராயர் கைக்குட்டையால் கண்ணைப் பொத்திக்கொண்டிருந்தார்.

“கலங்கிட்டாரு” என்று எபநேசர் மெதுவாகச் சொன்னார்.

“இத இன்னொரு சபைக்கு அனுப்புறது பெரிய பாவம்” என்றார் பேராயர், தும்மலுக்கு நடுவே. “பியானோ இங்கயே இருக்கட்டும்.”

ஞானசிகாமணி ஸ்தோத்திரம் சொன்னார். பேராயரைப் பத்திரமாக ஜன்னல் வழியே இறக்கி அனுப்பிவைத்தார்கள்.

அவர் சொன்னபடி பியானோ இன்றும் அங்கேயே, வாசலில்தான் இருக்கிறது. சபையார் ஜன்னல் வழியே ஏறி உள்ளே போகிறார்கள். ஞானசிகாமணி வெளியே நின்று வாசிக்கிறார். மழை நாட்களில் எபநேசர் இடது கையால் அவருக்குக் குடை பிடிப்பார். ஈ வரும்போது மட்டும் குடையைக் கீழே வைத்துவிடுவார்.

மணிக்கட்டு சரியாகித் திரும்பிய டீச்சர் இதைப் பார்த்துவிட்டு, “குடைய வலது கைல பிடிக்கக் கூடாதா?” என்று கேட்டார்.

“நீங்க இடது கை மாறணும்னுதான சொன்னீங்க, டீச்சர்” என்றார் நனைந்துகொண்டிருந்த ஞானசிகாமணி. “வலது கையப் பத்தி ஒண்ணும் சொல்லலியே.”