குடை அனுப்பிய கோட்டு

மலையடியில் ஓர் ஊர். அங்கே பீடி சுற்றும் பெண்கள் வாராவாரம் கூலியில் ஒரு பங்கை ஒதுக்கி, ஓர் ஆஸ்பத்திரி கட்டியிருந்தார்கள். எந்தச் சீமானும் தானம் கொடுத்ததல்ல. எவன் வாசலிலும் கைகட்டி நின்று வாங்கியதுமல்ல. பன்னிரண்டு கட்டில்கள் இருந்தன. ஒன்பதாம் கட்டில் பிரசவ வார்டில் ஜன்னலோரம் கிடந்தது. கொஞ்சம் கர்வம் பிடித்த இரும்புக் கட்டில். ஊரில் பாதிப் பேர் தன்மேல் கிடந்துதான் முதல் அழுகை அழுதார்கள் என்று சொல்லிக்கொள்ளும். அது பொய்யுமில்லை.

செவந்திக்கு ஆனி மாதம் நாள் குறித்திருந்தார்கள். போன தடவை பிள்ளை குறுக்கே கிடந்து இறந்துபோய்விட்டது. அவள் பிழைத்ததே இந்தக் கட்டிலில்தான்.

"இந்தத் தடவையும் எனக்கு இதே கட்டில்தான் வேணும் ஆயாம்மா."

ஆயா எஸ்தரம்மா சிரித்தாள். "உன் பேரையா எழுதி ஒட்டியிருக்கு? சரி வாடீ, விரிச்சு வைக்கேன்."

கட்டில் அதைக் கேட்டுத் தன் நான்கு கால்களையும் தரையில் அழுத்தி ஊன்றிக்கொண்டது. வாக்குக் கொடுத்தது ஆயா; காப்பாற்ற வேண்டியது தான் என்பது அதற்குத் தெரியும். அடுத்த ஆஸ்பத்திரிக்கு மலைச்சாலையில் மூன்று மணி நேரம் போக வேண்டும்.

சித்திரையில் ஒருநாள், உச்சிவெயிலில், வாசலில் ஒரு கோட்டு வந்து நின்றது. கோட்டு மட்டும்தான். உள்ளே ஆள் இல்லை. ஆனாலும் நெஞ்சுப்பகுதி மூச்சு விடுவதுபோல ஏறி இறங்கியது.

அந்த ஆஸ்பத்திரியில் ஒரு வழக்கம் உண்டு. வருகிறவரிடம் என்ன நோவு என்று முதலில் கேட்க மாட்டார்கள். துணைக்கு யார் என்றுதான் கேட்பார்கள். துணை இருந்தால் மறுபேச்சில்லாமல் உள்ளே விடுவார்கள்.

வாசல் மணி கேட்டது: "துணைக்கு யாரு வந்திருக்கா?"

கோட்டு தன் உள்துணியைத் திறந்து காட்டியது. அங்கே ஒரு சிறு குடை பின்னியிருந்தது.

மணி தலை தாழ்த்தியது. பெரிய குடையை அறியாதவர் யார்? கடல்களுக்கு அப்பால், பல நாடுகள் ஆளுக்கொரு துண்டு துணி போட்டுத் தைத்தது. வெயிலில் கிடப்பவர்களுக்கு நிழல் தரவென்றே பிறந்தது.

"உங்கள் சந்துகளில் நுழைய முடியாத அளவு குடை பெரியது," என்றது கோட்டு. ஒரே வாயிலிருந்து பல குரல்கள் வருவதுபோல இருந்தது. "அதனால் தன் துணியில் ஒரு பகுதியை வெட்டி என்னைத் தைத்து அனுப்பியிருக்கிறது. இந்த வட்டாரம் எனக்கு அத்துப்படி."

சக்கரம் கிறீச்சிடும் தள்ளுவண்டி முணுமுணுத்தது. "ஆளே இல்ல, காலருக்கு மட்டும் கஞ்சி என்னத்துக்கு?"

"சும்மா கிட," என்று ஒன்பதாம் கட்டில் அதட்டியது. "குடையே துணை நிக்கி. பொறவு என்ன சந்தேகம்?"

அதன் பேச்சுக்கு வார்டில் மதிப்பிருந்தது. பெண்களின் சங்கத்துத் தலைவர் உட்காரும் நாற்காலிக்குப் புது மெத்தை கிடைக்கும் என்று வேறு சொன்னார்கள். ஆஸ்பத்திரியைக் கோட்டின் பொறுப்பில் விட நாற்காலி உடனே சம்மதித்துவிட்டது.

மறுநாள் கோட்டு வேலையைத் தொடங்கியது. "உங்கள் நிழல்களெல்லாம் வேலை செய்யாமல் தரையில் கிடக்கின்றன. என்னிடம் இருந்தால் வளரும்," என்றது. மருந்து அலமாரியின் நிழலைத் தரையிலிருந்து உரித்து, நாலாக மடித்துப் பையில் வைத்தது. பிறகு முற்றத்து வேம்பின் நிழல். வேம்பு அப்படியேதான் நின்றது. ஆனால் அதன் கீழே உட்கார்ந்திருந்தவர்களின் தலையில் வெயில் கொளுத்தியது. நிமிர்ந்து பார்த்தார்கள். கிளைகள் இருந்தன, இலைகள் இருந்தன.

ஒன்பதாம் கட்டிலின் முறை வந்தது. நிழல் உரிந்ததும், தன் கனமும் கூடவே போய்விட்டதை அது உணர்ந்தது. மின்விசிறிக் காற்றுக்கே கால்கள் நகர்ந்தன.

"உள்ளே யாரு இருக்கீங்க?" என்று கட்டில் கேட்டது.

"பலர்."

"பேரு?"

"பெயர் சொல்வதில்லை என்று ஏற்பாடு."

கோட்டு குனிந்தபோது கட்டில் காலருக்குள் எட்டிப் பார்த்தது. கிணறுபோல ஆழம். அடியில் முகமில்லாத கைகள், கைகளுக்கு மேல் கைகள், ஒரே கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தன. ஒரு கையின் உறையில் குடை பின்னியிருந்தது. அதுவும் மற்றக் கைகளுக்குச் சளைக்காமல்தான் இழுத்தது.

"எவ்வளவு நாள் இருப்பீங்க?"

"வந்த அன்றே புறப்படத் தொடங்கிவிட்டேன்," என்றது கோட்டு.

அப்போதுதான் கட்டில் கவனித்தது. கோட்டு பின்பக்கமாகவே நடந்தது. முகம் இருக்கவேண்டிய இடம் எந்நேரமும் வாசலையே பார்த்திருந்தது.

எஸ்தரம்மா சும்மா இருக்கவில்லை. பெரிய குடைக்கு மனு எழுதினாள். நானூறு பெண்கள் கைநாட்டு வைத்தார்கள். பதிலுக்கு, விசாரித்து வரும்படி ஒரு மூக்குக்கண்ணாடியைக் குடை அனுப்பியது. வெயில் தாங்காமல் கண்ணாடி கோட்டின் மேல்பையில் ஏறி உட்கார்ந்துகொண்டு, அங்கிருந்தபடியே ஆஸ்பத்திரியைச் சுற்றிப் பார்த்தது.

"தரையில் ஒரு கறுப்புகூட இல்லை. எவ்வளவு சுத்தம்!" என்று சொல்லிவிட்டுப் போயிற்று.

ஆனி வந்தது. பிரசவத்தால் ஆதாயமில்லை என்று கோட்டு சொன்னது. நகரத்தில் கட்டில் தேவைப்படுகிறதாம். மற்றக் கட்டில்களெல்லாம் ஏற்கெனவே போயிருந்தன. லாரி வந்தது. ஓர் ஆள் ஒற்றைக் கையால் ஒன்பதாம் கட்டிலைத் தூக்கினான். அது கால்களை ஊன்றப் பார்த்தது. ஊன்றுவதற்குக் கனம் இல்லை. லாரி ஓட்டுநர் இருளப்பனுக்கு அருகில் கோட்டு ஏறி உட்கார்ந்துகொண்டது.

லாரி கிளம்பிய சற்று நேரத்தில் செவந்திக்கு வலி கண்டது. வார்டுக்கு ஓடினால் வெறுந்தரை. எஸ்தரம்மா அவளை ஓர் ஆட்டோவில் அள்ளிப் போட்டு, தானும் ஏறிக்கொண்டு நகரத்துக்கு விரட்டினாள். மூன்றாவது வளைவில் முன்னால் போன லாரியைப் பார்த்துவிட்டாள்.

"நிறுத்துலே!"

"இது கோட்டோட சரக்கு. தொடக்கூடாதுன்னு உத்தரவு," என்றான் இருளப்பன்.

"நீ எந்தக் கட்டில்ல பொறந்தவம்லே? திரும்பிப் பாரு!"

இருளப்பன் திரும்பிப் பார்த்தான். வண்டியை ஓரங்கட்டினான்.

லாரியின் மேலேயே, அந்தக் கட்டிலில் செவந்தியைக் கிடத்தினார்கள். அவள் முக்கும்போதெல்லாம் கனமில்லாத கட்டில் காற்றில் காகிதம்போல எழும்பியது. இருளப்பன் ஒரு பக்கமும் ஆட்டோக்காரன் மறுபக்கமும் கால்களை அமுக்கிப் பிடித்தார்கள். கட்டில் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தது. அரை மணியில் பிள்ளை அழுதது. பெண்பிள்ளை, உயிரோடு.

கோட்டு இறங்கி வந்து, பிள்ளை பிறந்ததைக் குறித்துக்கொண்டது. பிறகு, "முடிந்ததல்லவா? இறக்குங்கள்," என்றது.

"ரத்தம் நிக்கலையே ஐயா! ஆட்டோக் குலுக்கலுக்குத் தாங்க மாட்டா!" என்றாள் எஸ்தரம்மா.

"நேரமாகிறது."

இருளப்பன் சாவியைத் தூக்கிப் போட்டுவிட்டு வண்டியை எடுக்க மறுத்தான். வேறு ஓட்டுநர் வரவழைக்கப்பட்டான். தாயையும் பிள்ளையையும் ரோட்டோரத்தில் எஸ்தரம்மாவின் மடியில் விட்டுவிட்டு லாரி போயிற்று.

அந்த ஆண்டு பெரிய குடையின் மாநாட்டில் ஒன்பதாம் கட்டிலுக்கு மாலை போட்டு மேடையில் நிறுத்தினார்கள். கீழே வரிசை வரிசையாகக் கோட்டுகள். குடை உருக்கமாக அறிக்கை வாசித்தது: "எட்டாத மலைச்சாலைகளுக்கும் சென்றடைந்தது நமது நடமாடும் பிரசவ சேவை. முதல் பயனாளி ஒரு பெண் குழந்தை." இன்னும் மூன்று கோட்டுகளுக்குத் துணி வெட்ட அங்கேயே உத்தரவும் ஆயிற்று.

கட்டிலுக்குப் பொறுக்கவில்லை. தொண்டை கிழியக் கத்தியது: "அந்தத் தாய் செத்தாளா பிழைச்சாளான்னு ஒருத்தராவது கேட்டீங்களா?"

மண்டபம் முழுவதும் எழுந்து நின்று கைதட்டியது. உள்ளே கை இல்லாத ஆயிரம் சட்டைக் கைகள் ஒன்றோடொன்று மோதின. ஒரு சத்தமும் எழவில்லை.