புல்லில் கிடந்த மான்குட்டியும் கருணை மிகுந்த ராஜாவும்

முன்னொரு காலத்தில் தேன்மலை நாட்டை இளவழுதி என்றொரு ராஜா ஆண்டுவந்தார். அவருக்குக் கருணை அதிகம். அது எப்போது யார்மேல் பாயும் என்றுதான் யாருக்கும் தெரியாது.

ஒருநாள் அவர் காட்டுக்குப் போனபோது புல்லுக்குள் ஒரு மான்குட்டி அசையாமல் படுத்திருந்தது. அமைச்சர் அறவாழியின் பதவிமேல் கண் வைத்திருந்த மருதப்பர் என்ற சபைக்காரர் உடனே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"தாய் கைவிட்டுவிட்டது, மகாராஜா. இனி தாங்கள்தான் இதற்குத் தாய்."

ராஜாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. குட்டியை அள்ளிக்கொண்டு அரண்மனைக்கு வந்தார்.

அந்தச் சபையில் ஒரு வழக்கம். ராஜா தொட்டதை எல்லோரும் பதவி வரிசைப்படி தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும். எழுபது பேர் வந்து தடவினார்கள். குட்டி நடுங்கியது, நன்றியில் சிலிர்க்கிறது என்றார் மருதப்பர். கண்ணை மூடியது, ஆனந்தம் என்றார். தங்கக் கிண்ணத்தில் பசும்பால் வைத்தார்கள். ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை. மறுநாள் காலை தலையைத் தூக்கவும் அதற்குத் தெம்பில்லை.

அறவாழி மட்டும் தொடவில்லை. தாய் மேயப் போயிருக்கும், எடுத்த இடத்திலேயே விட்டுவிடலாம், இன்னொரு நாள் இது தாங்காது என்று கெஞ்சிப் பார்த்தார். கல்நெஞ்சுக்காரர் என்றார் மருதப்பர். ராஜாவும் தலையாட்டினார்.

அன்று மத்தியானம் ராஜா சாப்பிட்டுவிட்டு, யாரும் கிட்ட வரக்கூடாது என்று காவலர்களை விரட்டிவிட்டு, வழக்கம்போல நந்தவனத்துக் கட்டிலில் தூங்கினார். கண் விழித்தபோது கட்டிலோடு அமைச்சர் வீட்டுக் கூடத்தில் கிடந்தார். அமைச்சரின் மனைவி குழந்தைகளுக்குப் புகட்டும் பாலாடையால் அவருக்குப் பால் புகட்டிக்கொண்டிருந்தாள், மீசையெல்லாம் பால். அமைச்சரின் சொந்தக்காரர்கள் வயது வரிசைப்படி வந்து அவர் கன்னத்தைத் தடவிக்கொண்டிருந்தார்கள்.

"அறவாழி, உமக்குக் கழுத்தின்மேல் தலை வேண்டாமா?"

"வேண்டும், மகாராஜா. ஆனால் தனியாகக் கிடந்தீர்கள். பக்கத்தில் ஒருவரும் இல்லை. பாவம், கைவிட்டுவிட்டார்கள் போலிருக்கிறது என்று தூக்கி வந்துவிட்டேன்."

"யாரய்யா கைவிட்டது? அவர்களை நான்தான் போகச் சொன்னேன்."

"அந்தக் குட்டியையும் தாய்தான் அசையாமல் படுத்திருக்கச் சொல்லியிருக்கும். புலி கண்ணில் படாமல் காப்பாற்ற அதற்குத் தெரிந்த வழி அதுதான். உங்களுக்கு எடுத்துச் சொல்ல வாய் இருக்கிறது, மகாராஜா. அதற்கு இல்லை."

ராஜா மீசையைத் துடைத்துக்கொண்டார். பல்லக்குக்குக்கூடக் காத்திராமல் குட்டியைத் தூக்கிக்கொண்டு காட்டுக்கு நடந்தார். அமைச்சரும் மருதப்பரும் பின்னால் ஓடினார்கள். அதே புல்லில் குட்டியை விட்டுவிட்டு மூவரும் தூரத்துப் புதருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார்கள். தாய்மானுக்கு வரவேற்பு மேளம் வைக்கலாமா என்று மருதப்பர் கேட்டார். ராஜா தன் கையாலேயே அவர் வாயைப் பொத்தினார்.

சாயங்காலம் பெண்மான் வந்தது. நாலு பக்கமும் மோந்து பார்த்துவிட்டுக் குட்டியை நக்கியது. குட்டி தள்ளாடி எழுந்து மடியில் முட்டியது.

ராஜா தன் முத்துமாலையைக் கழற்றி அமைச்சருக்குப் போட்டார். மருதப்பருக்கும் ஒரு பதவி கிடைத்தது. காட்டு வழியில் நின்று, குட்டியோடு வருகிறவர்களை மறித்து, எடுத்த இடத்தைக் கேட்டு, அங்கேயே கொண்டுபோய் விட்டு வர வேண்டும். மான்கள் குட்டி போடும் பருவம் முடியும்வரை அந்த மனிதர் வீட்டுக்குச் சாப்பிடக்கூட வரவில்லை. நம் ஜனங்களுக்கு அவ்வளவு கருணை.