முதல் பொந்தில் ஓர் இறகு

அல்லிக்குளத்தின் கரையில் ஒரு மருதமரம் இருந்தது. அதன் அடியில் ஏழு தவிட்டுக்குருவிகள் ஒன்றாக இரை தேடி வாழ்ந்தன. சருகின் நிறம், மஞ்சள் கண். ஒன்று நகர்ந்தால் மற்ற ஆறும் பின்னாலேயே நகரும்.

அவற்றுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஆறு குருவிகள் கீழே சருகைப் புரட்டிப் புழு தின்னும்போது, ஒன்று மட்டும் மர உச்சியில் உட்கார்ந்து வானத்தைப் பார்க்கும். பார்த்தபடியே பாடும். பாட்டுக் கேட்கும் வரை கீழே இருப்பவர்கள் தலையைத் தூக்க வேண்டியதில்லை. வல்லூறு கண்ணில் பட்டால் காவல் குருவி கத்தாது. பாட்டை நிறுத்திவிடும். அவ்வளவுதான். பாட்டு நின்றதும் ஆறும் புதருக்குள் பாய்ந்துவிட வேண்டும்.

ஏழில் சிலும்பி என்ற குருவிக்குத்தான் நல்ல குரல். மற்றவை காவல் இருந்தால் கதவு கீல் உரசுவது போல் இருக்கும். சிலும்பி பாடினால் சருகுகூடக் கொஞ்சம் மெதுவாகச் சலசலக்கும்.

"தின்னுங்க தின்னுங்க, நான் இருக்கேன்...
மேலே பாத்தா வெறும் வானம்...
புரட்டுங்க புரட்டுங்க, நான் இருக்கேன்..."

ஒவ்வொரு வரிக்குப் பிறகும் ஒரு மூச்சு நேரம் இடைவெளி விடும். அந்த இடைவெளியில் கழுத்தைத் திருப்பி வானத்தின் மறுபக்கத்தைப் பார்த்துக்கொள்ளும். பிறகு அடுத்த வரி.

அந்தப் பாட்டை அதிகம் நம்பியிருந்தது சிலும்பியின் தம்பி துரும்பன். ஒரு கால் ஊனம். மற்றவை இரண்டு தாவலில் புதருக்குப் போனால் துரும்பனுக்கு ஐந்து தாவல் வேண்டும். அதனால் சிலும்பி காவலில் இருக்கும் நாளில்தான் அது வயிறாரத் தின்னும்.

ஆனால் சிலும்பிக்கு மனதில் ஒரு குறை இருந்தது. பாட்டு எவ்வளவு நன்றாக இருந்தாலும் யாரும் தலையைத் தூக்கிப் பார்ப்பதில்லை. தலையைத் தூக்காமல் இருப்பதற்காகத்தானே அந்தப் பாட்டு! நல்ல காவலைக் காவலாக யாரும் கவனிப்பதில்லை. அது சிலும்பிக்குத் தெரியும். தெரிந்தும் மனம் கேட்கவில்லை.

ஒருநாள் பக்கத்துக் கிளையில் ஓர் ஓணான் வந்து உட்கார்ந்தது. பாட்டுக்குத் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தது.

"ஆகா! ஆகா! இதை ஏன் ஆறு பேருக்கு மட்டும் பாடுற?" என்றது ஓணான்.

"இது எங்க காவல் பாட்டு" என்றது சிலும்பி.

"இருக்கட்டுமே! கேட்டதும் எனக்கே நெஞ்சு குளுந்து போச்சு. இந்தக் காட்டுல பயமில்லாதவன் யாரு? எல்லாருக்கும் இந்தப் பாட்டு வேணும். பட்டியல் மரம் பாத்திருக்கியா?"

பார்க்காமல் இருக்குமா? குளத்துக்கு மேற்கே ஒரு மொட்டைப்பனை. அதில் மேலிருந்து கீழாகப் பத்துப் பொந்து. ஒரு வாரம் முழுக்க மரங்கொத்தி காடெல்லாம் சுற்றும். எந்தப் பாட்டை எத்தனை பேர் முணுமுணுக்கிறார்கள் என்று காது கொடுத்துக் கேட்கும். பிறகு பாடியவரின் இறகு ஒன்றை அதற்குரிய பொந்தில் செருகும். முதல் பொந்தில் மூன்று வருடமாகக் குக்குறுவானின் பச்சை இறகுதான்.

"அவனுக்கு இருக்கிறதே ஒரு சுரம்! 'டொக்கு டொக்கு'ன்னு ஆணி அடிக்கிறான். அவனே மூணு வருசம் உக்காந்திருக்கான். நீ உக்கார மாட்டியா?" என்றது ஓணான்.

அன்று மாலை காவல் முடிந்ததும் சிலும்பி அக்கா வன்னியிடம், போய்ப் பாடட்டுமா என்று கேட்டது. வன்னிதான் ஏழில் மூத்தது.

"போய்ட்டு வாடி. உன் முறைக்கு நான் ஏறிக்கிறேன். என் குரலைக் கேட்டு வல்லூறே ஓடிடும்!" என்று சிரித்தது வன்னி.

ஓர் இலுப்பை மரத்தில் பெரிய பொந்து ஒன்று இருந்தது. காற்றின் இரைச்சல் உள்ளே வராது. அங்கே மூன்று மைனாக்களை வரிசையாக உட்கார வைத்திருந்தது ஓணான். மைனாக்கள் ஒரு குரலைக் கேட்டால் அதை அப்படியே பிடித்துக்கொள்ளும். அந்தக் காட்டில் பாட்டைப் பதிவு செய்வது அப்படித்தான்.

சிலும்பி பாடியது. முதல் வரி முடிந்ததும் கழுத்தைத் திருப்பியது.

"நிறுத்து, நிறுத்து! நடுவுல ஏன் சும்மா இருக்கே?" என்றது ஓணான்.

"திரும்பிப் பாத்தேன்."

"பொந்துக்குள்ள என்னத்தப் பாக்கப்போற? சுவத்தையா? அந்த இடைவெளியை எடுத்துடு. கேக்குறவன் எழுந்து போயிடுவான்."

சிலும்பி மறுபடி பாடியது. மறுபடி கழுத்து தானாகத் திரும்பியது. நாற்பது தடவை பாடிய பிறகுதான் கழுத்து அடங்கியது. நாற்பத்தோராவது தடவை பாட்டு இடைவெளி இல்லாமல் ஓடை போல ஓடியது. மைனாக்கள் மூன்றும் அதைப் பிடித்துக்கொண்டன.

ஓணான் தலையை ஆட்டியது.

மைனாக்கள் மூன்று திசையில் பறந்தன. பார்த்த மைனாவுக்கெல்லாம் சொல்லிக் கொடுத்தன. பத்தே நாளில் காடு முழுக்க ஒரே பாட்டு. முயல் வளையிலிருந்து எட்டிப் பார்த்து 'நான் இருக்கேன்' என்று முணுமுணுத்தது. மான்கள் அதைக் கேட்டுக்கொண்டே நிதானமாகத் தண்ணீர் குடித்தன. அணில் அதற்கு ஆடக் கற்றுக்கொண்டது.

முதல் வாரம் ஏழாம் பொந்து. இரண்டாம் வாரம் மூன்றாம் பொந்து. மூன்றாம் வாரம் மரங்கொத்தி பச்சை இறகைப் பிடுங்கிக் கீழே போட்டுவிட்டு, முதல் பொந்தில் சருகு நிற இறகைச் செருகியது!

"இறகு வாடினா பேரும் வாடிடும். வாரா வாரம் புதுசு வேணும்" என்றது ஓணான். சிலும்பி வாராவாரம் சிறகிலிருந்து ஒன்றைப் பிடுங்கிக் கொடுத்தது. முதலில் வலித்தது. பிறகு பழகிவிட்டது.

இப்போது சிலும்பியை எல்லாரும் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். ஒருமுறை முயல், "எங்களுக்காக ஒரு தடவை நேர்ல பாடுங்களேன்!" என்று கேட்டது. சிலும்பி ஆசையாகப் பாடியது. வெளியே, வானத்தின் கீழே பாடியதால் பழைய பழக்கம் வந்துவிட்டது. வரிக்கு வரி நின்று திரும்பிப் பார்த்தது.

முயல் காதைச் சொறிந்துகொண்டது. "தப்பா நினைக்காதீங்க. மைனா பாடுறதுதான் இன்னும் நல்லா இருக்கு. நீங்க நடுவுல நடுவுல நிக்கிறீங்க."

அதற்குப் பிறகு சிலும்பி வெளியிலும் நிற்காமல் பாடக் கற்றுக்கொண்டது.

ஏழாம் வாரம் மருதமரத்துக்கு ஒருமுறை வந்தது. ஆறு குருவிகளும் கீழே இரை தின்றுகொண்டிருந்தன. உச்சிக்கிளை காலியாக இருந்தது.

"அக்கா, காவல் யாரு?" என்று கேட்டது சிலும்பி.

"நீதான்!" என்றது வன்னி, வாயில் புழுவோடு. "இந்தப் பக்கம் ஒரு மைனா, அந்தப் பக்கம் ஒரு மைனா. விடிஞ்சதுல இருந்து அடையுற வரைக்கும் உன் பாட்டுத்தான். அப்புறம் எதுக்கு ஒருத்தி பட்டினியா மேல உக்காரணும்? இப்ப ஆறு வயிறும் ஒண்ணா நெறையுது. பாரு, எனக்குத் தொப்பையே வந்துடுச்சு!"

சிலும்பிக்கு எங்கோ உறுத்தியது. 'அது நான் இல்லை, அக்கா' என்று சொல்ல வாயைத் திறந்தது. ஆனால் வாயிலிருந்து வந்தது வேறு.

"எந்தப் பக்கத்து மைனா நல்லாப் பாடுது?"

துரும்பன் மட்டும் கேட்டது. "சிலும்பியக்கா, இந்தப் பாட்டுல நீ திரும்பிப் பாக்குற இடம் இல்லையே?"

"அது பாட்டுக்கு வேணாம்னு எடுத்துட்டோம்டா."

"எனக்கு அந்த இடத்துல தன்னால தலை தூக்குது" என்றது துரும்பன். "நீ பாக்கலைன்னா யாராவது பாக்கணுமேன்னு இருக்கு."

மற்றவை சிரித்தன. "இவன் ஒருத்தன்! பாதி நேரம் வானத்தப் பாத்தே இளைச்சுப் போறான்!" சிலும்பியும் சிரித்துவிட்டுப் பறந்தது. பறந்தது என்றா சொல்வது? சிறகில் ஐந்து இறகு குறைந்திருந்ததால் கொஞ்சம் சாய்ந்துதான் போனது.

பன்னிரண்டாம் வாரம். முதல் பொந்தில் பத்தாவது இறகு. மூன்றே வாரத்தில் முதல் பொந்துக்கு ஏறி இப்படிப் பத்து வாரம் நின்ற பாட்டு வேறு இல்லை. ஓணான் ஒரு விழாவே வைத்தது. மொட்டைப்பனையைச் சுற்றி முயலும் மானும் அணிலும் மயிலும் கூடியிருந்தன. சிலும்பி பனையின் உச்சியில் போய் உட்கார்ந்தது. அந்தக் காட்டில் அதைவிட உயரமான இடம் இல்லை.

"பாடு! பாடு!" என்று கூட்டம் கத்தியது.

"தின்னுங்க தின்னுங்க, நான் இருக்கேன்..." என்று தொடங்கியது சிலும்பி. அவ்வளவு உயரத்தில், அவ்வளவு வானத்துக்கு நடுவில் உட்கார்ந்ததும், அடக்கி வைத்திருந்த கழுத்து தானாகத் திரும்பியது.

கிழக்கே, வெயிலை முதுகில் வைத்துக்கொண்டு, ஒரு வல்லூறு வந்துகொண்டிருந்தது. நேராக மருதமரத்துக்கு!

சிலும்பி சட்டென்று பாட்டை நிறுத்தியது.

பிறந்ததிலிருந்து பழகிய வழக்கம். நிறுத்தினால் போதும். ஆறும் பறந்துவிடும். சிலும்பி மூச்சைப் பிடித்துக்கொண்டு மருதமரத்தடியைப் பார்த்தது. ஆறு சருகு நிற முதுகுகள். ஒன்றும் அசையவில்லை.

அப்போதுதான் அதன் காதில் விழுந்தது. இலுப்பையிலிருந்து ஒரு மைனா. அரசமரத்திலிருந்து ஒரு மைனா. மருதமரத்திலேயே ஒரு மைனா. மூன்றும் சிலும்பியின் குரலில் பாடிக்கொண்டிருந்தன.

"மேலே பாத்தா வெறும் வானம்! புரட்டுங்க புரட்டுங்க, நான் இருக்கேன்!"

"போங்க! ஓடுங்க! வல்லூறு!" என்று தொண்டை கிழியக் கத்தியது சிலும்பி.

"புதுப் பாட்டு! புதுப் பாட்டு!" என்று கீழே கூட்டம் ஆரவாரம் செய்தது. ஓணான் தலையை ஆட்டியது. அந்தச் சத்தத்தில் கத்தல் குளத்தைக்கூடத் தாண்டவில்லை.

சிலும்பி பனையிலிருந்து பாய்ந்தது. இறகு போன சிறகு ஒரு பக்கமாக இழுத்தது. நேராகப் போக நினைத்தால் வளைந்து போனது.

மருதமரத்தடியில் துரும்பனின் தலை மட்டும் நிமிர்ந்தது. பாட்டில் இல்லாத அந்த இடைவெளிக்காகத் தூக்கிய தலை. வெயிலுக்குள் ஒரு கறுப்பைப் பார்த்தது. அதற்குப் பாடத் தெரியாது. கரகரவென்று கத்தியது.

"பற! பற! பற!"

நான்கு குருவிகள் புதருக்குள் பாய்ந்தன. வன்னியும் பாய்ந்தது. புதரின் வாயில் நின்று திரும்பிப் பார்த்தது. துரும்பன் இரண்டாவது தாவலில்தான் இருந்தது. இன்னும் மூன்று இருந்தது. வன்னி திரும்பி வந்து அதை நெஞ்சால் முட்டித் தள்ளியது. துரும்பன் உருண்டு புதருக்குள் விழுந்தது.

சிலும்பி வந்து சேர்ந்தபோது சருகுதான் இருந்தது. சருகின் மேல் சருகு நிறத்தில் இரண்டு இறகு.

மேலே கிளையில் மைனா பாடிக்கொண்டிருந்தது. "தின்னுங்க தின்னுங்க, நான் இருக்கேன்!"

"நிறுத்து!" என்று அழுதது சிலும்பி. "அதை நிறுத்து!"

மைனா பாவமாகப் பார்த்தது. "பாடத்தானே சொல்லிக் குடுத்தீங்க? எங்க நிறுத்தணும்னு சொல்லித் தரலையே!" என்றது. மறுபடி பாடத் தொடங்கியது.

அடுத்த வாரம் ஓணான் வந்தது. "முதல் பொந்து உனக்குத்தான்! பதினோராவது இறகு குடு" என்றது.

சிலும்பி சிறகை ஒடுக்கிக்கொண்டது. ஓணான் கீழே கிடந்ததைப் பார்த்தது. "இதோ ரெண்டு கிடக்குதே! ஒரே நிறம். மரங்கொத்திக்கு வித்தியாசம் தெரியாது. ஒண்ணை எடுத்துக்கட்டுமா?"

புதருக்குள்ளிருந்து துரும்பன் நொண்டிக்கொண்டு வந்து அந்த இரண்டு இறகின் மேலும் உட்கார்ந்துகொண்டது. ஓணானின் தலை அன்றைக்கு ஒரு கணம் ஆடாமல் நின்றது. பிறகு அது போய்விட்டது.

சிலும்பி மருதமரத்தின் உச்சிக்கு ஏறியது. பாடவில்லை. கழுத்தைத் திருப்பித் திருப்பி வானத்தைப் பார்த்தது. கீழே ஐந்து குருவிகள், ஒவ்வொரு சருகைப் புரட்டியதும் ஒரு தடவை தலையைத் தூக்கிப் பார்த்துத் தின்றன. பாட்டை இனி நம்ப முடியாது. அதனால் துரும்பனின் கரகரப்பான கத்தலையே எல்லாம் கற்றுக்கொண்டன. எந்த மைனாவும் அதைக் கேட்டு வாங்க வரவில்லை.

சிலும்பியின் பாட்டு அதற்குப் பிறகும் பல மாதம் பட்டியல் மரத்தில் இருந்தது. முதல் பொந்தில் செருகிய இறகு வெயிலில் வெளுத்து, காற்றில் நார் நாராகிப் போனது. இன்றும் தவிட்டுக்குருவிகள் கூட்டமாக இருக்கும் இடத்தில் பாட்டுக் கேட்காது. ஒன்றோடொன்று ஓயாமல் கத்திக்கொண்டே இருக்கும். யாராவது நின்று கவனித்தால், அந்தக் கத்தலின் நடுவே ஒன்று மட்டும் பேசாமல் உச்சியில் உட்கார்ந்து கழுத்தைத் திருப்புவது தெரியும்.

'நான் இருக்கிறேன்' என்று சொல்லும் குரல் எவ்வளவு இனிமையாக இருந்தாலும், அதற்குப் பின்னால் விழித்திருக்கும் கண்கள் இல்லையென்றால் அது காவல் ஆகாது.