நடுக்கோட்டில் உடைந்த புயல்

கடலில் வாழ்வனவும் காற்றில் திரிவனவும் ஒரே மொழி பேசிய காலத்தில் நடந்தது இது. கேட்பவர் முதலில் சிலவற்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அக்காலத்தில் உலகம் முழுவதற்கும் புயல் ஒன்றே. அவனுக்குச் சூறையன் என்று பெயர். கடல்நீரின் சூடே அவனுக்கு உணவு. ஒரு கடலில் உண்ட சூட்டை வயிற்றில் தேக்கிக்கொண்டு, நீர் குளிர்ந்து கிடக்கும் வேறொரு கடலுக்கும் அவனால் போக முடிந்தது. ஆகவே அவனுக்கு உரிய மாதம் என்றும் ஆகாத மாதம் என்றும் எதுவும் இல்லை. நினைத்தபோது வருவான், நினைத்த கரையில் ஏறுவான்.

அவன் ஓயாமல் சுழன்றுகொண்டே இருந்தான். அந்தச் சுழற்சி தன் வலிமையால் ஆனது என்றே நம்பியிருந்தான். உண்மை வேறு. சுழல்வது பூமி, பூமியின் சுழற்சியே அவனையும் திருகிவிட்டது. பூமியை வடக்கு, தெற்கு என்று பிரிக்கும் நடுக்கோட்டுக்கு வடக்கே அந்தத் திருகல் இடஞ்சுழியாக இருக்கும். தெற்கே வலஞ்சுழியாக இருக்கும். நடுக்கோட்டின்மேல் இரண்டும் இல்லை. வடகடல்களிலேயே வேண்டிய உணவு கிடைத்ததால், சூறையன் ஒருபோதும் நடுக்கோட்டை நெருங்கியதில்லை. தென்கடல்களில் வாழ்ந்தவர்களுக்குப் புயல் என்னும் சொல்லே தெரியாது.

இன்னும் ஒன்று உண்டு. கடலாமைப் பெண்கள் தாம் பிறந்த மணலைத் தவிர வேறு மணலில் முட்டையிடுவதில்லை. அந்த மணலுக்குக் கேடு வந்தால் அவர்கள் குலத்துக்கே கேடு.

இந்த வழக்கத்தால்தான் இந்தக் கதை நடந்த ஆண்டில் அவர்கள் நிலை மோசமானது. கோடிக்கரைக்கு வடக்கே இருந்த மணலில் ஆமைகள் ஆண்டுதோறும் முட்டையிட்டன. ஆண்டுதோறும், ஏதேனும் ஒரு மாதத்தில், குஞ்சு பொரியும் முன்னே சூறையன் வந்து மணலோடு வாரிக்கொண்டு போனான். குணகடலில், அதாவது இன்று வங்காள விரிகுடா எனப்படும் கடலில், இளம் ஆமை என்று ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. இருந்தவர்கள் எல்லாரும் முதியவர்கள். அந்த மாசியில் மிஞ்சிய பெண்கள் அனைவரும் ஒன்றாகக் கரையேறி முட்டையிட்டனர். அடுத்த மாசிக்கு அவர்களுள் எத்தனை பேர் இருப்பார்கள் என்று யாருக்கும் தெரியாது.

பங்குனி பிறந்தது. முட்டைக்குள் குஞ்சுகள் புரளத் தொடங்கிவிட்டன. அப்போது தென்கிழக்கில் வானம் கறுத்தது. அலைகள் ஒவ்வொன்றும் முந்தியதைவிடச் சற்று மேலே ஏறி, முட்டை புதைந்த மேட்டின் விளிம்பை நக்கின.

முதிய ஆமைகளுள் உவரி என்பவள் ஒருத்தி. பல கடல்களுக்கும் போய்வந்தவள். மற்றவர்கள் ஆழத்துக்குப் போய் ஒடுங்கிக்கொள்ள, அவள் மட்டும் புயலை நோக்கி நீந்தினாள். காற்றுமதிலுக்கு அடியில் மூழ்கி, சூறையனின் நடுவே இருந்த கண்ணுக்குள்ளே தலையைத் தூக்கினாள்.

அங்கே காற்று இல்லை. சுற்றிலும் கரிய மதில்; தலைக்குமேல் வட்டமாக ஒரு நீல வானம். அந்த வட்டத்துக்குள் ஆலா என்னும் கடற்பறவை ஒருத்தி சுற்றிச்சுற்றிப் பறந்துகொண்டிருந்தாள். குஞ்சாக இருந்தபோது அந்தக் கண்ணுக்குள் அகப்பட்டவள் அவள். மதிலைத் தாண்ட முயன்றால் சிறகு முறியும். ஆகவே சூறையன் போன இடமெல்லாம் அவளும் போனாள்.

“யாரது, என் கண்ணில் தூசி மாதிரி விழுந்தவள்?” என்றான் சூறையன்.

“உவரி. ஆமைக்குலத்தாள்.”

“கூப்பிட்டேனா?”

“கூப்பிடவில்லை. நானாக வந்தேன்.”

ஆலா சிரித்தாள். “வாசலே இல்லாத வீட்டுக்குத் தரைக்கடியில் வழி கண்டுபிடித்து வந்திருக்கிறாள், அண்ணாச்சி. உட்காரச் சொல்லுங்கள். உட்காரத்தான் இடமில்லை.”

“நீ சும்மா இரு. ஓட்டுக்காரி, வந்த காரியத்தைச் சொல். விடிந்தால் நான் கரையேற வேண்டும்.”

“கரையில் உங்களுக்கு என்ன கிடைக்கும்? பனையைப் பிடுங்குவீர்கள், கூரையைப் பறக்கவிடுவீர்கள். வயிறு நிறையுமா?”

“வயிற்றுக்கு ஒன்று, விளையாட்டுக்கு ஒன்று.”

“இந்தப் பங்குனியில் இந்தக் கடல்நீர் உங்களுக்கு எப்படி இருக்கிறது?”

சூறையன் முகம் சுளித்தான். “ஆறிப்போன கஞ்சி. போன கடலில் தின்றதை வைத்துத்தான் காலம் தள்ளுகிறேன்.”

“தெற்கே சூடான நீர் இருக்கிறது. நீங்கள் இதுவரை வாய் வைக்காத நீர். தென்மேற்கிலிருந்து வரும் சோழகக் காற்று எழுந்துவிட்டால் உங்களை வடக்கே தள்ளிக்கொண்டு போய்விடும். பிறகு அங்கே இறங்க முடியாது. இப்போது வந்தால் நான் வழி காட்டுகிறேன்.”

மதில் கொஞ்சம் நெருங்கி வந்தது. “எனக்கு விருந்து வைக்க உனக்கு என்ன அக்கறை?”

“என் முட்டை அந்தக் கரையில் இருக்கிறது. நீங்கள் ஏறினால் அது இராது. இதில் மறைக்க என்ன இருக்கிறது?”

“உண்மையைச் சொல்கிறாள்,” என்றாள் ஆலா. “இந்தக் கண்ணுக்குள் அது கொஞ்சம் அபூர்வம்.”

சூறையன் கடல்நீரில் ஒரு வாய் உறிஞ்சித் துப்பினான். பிறகு சொன்னான்: “வருகிறேன். ஆனால் கேட்டுக்கொள். வழியில் எங்காவது நீர் சப்பென்று ஆனால், அங்கேயே திரும்புவேன். திரும்பி வந்து பனையைத் தொடமாட்டேன், கூரையைத் தொடமாட்டேன். உன் மணலை மட்டும் அள்ளுவேன். ஒரு பிடிகூட மிச்சம் வைக்கமாட்டேன்.”

“சரி,” என்றாள் உவரி.

அவள் முன்னே நீந்தினாள். புயல் பின்னே நகர்ந்தது. சூறையனின் கால்கள் இயல்பாக வடக்கு நோக்கியே செல்பவை; தெற்கே வைத்த ஒவ்வோர் அடியும் அவனுக்கு எரிச்சலூட்டியது. உவரி மூச்சுவிட மேலே வரும்போதெல்லாம் அலைகள் அவளைப் புரட்டிப்போட்டன. புரண்டவள் நிமிர்ந்து மறுபடியும் தெற்கே திரும்பினாள். இலங்கையின் மலைகள் வலப்புறத்தில் தோன்றி மறைந்தன.

ஓரிடத்தில் சூறையன் நின்றுவிட்டான்.

“நீர் குளிர்கிறது,” என்றான். அவன் முகம் வடக்கே திரும்பியிருந்தது.

உவரி கண்ணுக்குள் எழுந்தாள். கரையிலே முட்டைகளுக்கு இன்னும் சில நாள்கள் தேவை என்பது அவள் உடம்புக்கே தெரிந்தது. “நின்ற இடத்திலேயே நின்றால் எந்த நீரும் குளிரும்,” என்றாள். “அடியில் கிடக்கும் குளிர்நீரை நீங்களே கலக்கி மேலே கொண்டுவருகிறீர்கள். முன்னே வைத்துப் பாருங்கள், ஒரே ஓர் அடி.”

“குளிர்ந்திருந்தால்?”

“திரும்பிப் போங்கள்.”

அவன் ஓர் அடி வைத்தான். நீர் சூடாக இருந்தது. அடுத்த அடியையும் வைத்தான்.

மதிலில் இடி உருளும் நேரம் பார்த்து ஆலா தாழப் பறந்து வந்தாள். “நடுக்கோட்டுக்குத்தானே கூட்டிப்போகிறாய், அக்கா?”

உவரி திடுக்கிட்டாள். “உனக்கு எப்படித் தெரியும்?”

“என் குலம் வடக்கும் தெற்கும் பறக்கிற குலம். கண்ணுக்குள் விழுமுன்னே என் தாய் சொல்லிக்கொடுத்த பாடம் அது. அங்கே இவருக்குத் திருகல் கிடையாது.”

“சொல்லிவிடுவாயா?”

“சொன்னால் இங்கேயே இருப்பேன். சொல்லாவிட்டால் வெளியே பறப்பேன். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? ஆனால் நீ யோசித்தாயா? சுழற்சி நின்றால் இவர் என்ன ஆவார்?”

“ஓய்ந்துபோவான்.”

“வயிற்றில் இவ்வளவு சூட்டை வைத்துக்கொண்டா? அணையமாட்டார், அக்கா. சிதறுவார். எங்கெங்கே போய் விழுவார் என்று உனக்குத் தெரியுமா?”

இடி ஓய்ந்தது. ஆலா மேலே போய்விட்டாள். உவரி அந்தக் கேள்விக்கு விடை தேடவில்லை என்று சொல்ல முடியாது. தேடினாள், கிடைக்கவில்லை, கரையில் இருந்த மணலை நினைத்தாள், நீந்தினாள்.

நீர் இப்போது மிகவும் சூடாக இருந்தது. சூறையன் வயிறு புடைக்க உண்டான். அப்படியும் அவன் கைகள் தளர்ந்தன. மதிலின் ஓரங்கள் நூல் பிரிவதுபோலப் பிரிந்தன.

“ஏதோ சரியில்லை,” என்றான். “இவ்வளவு தின்றும் எனக்கு வேகம் வரவில்லை. ஏ ஆலா, நீ உயரத்தில் இருக்கிறாய். முன்னால் என்ன தெரிகிறது?”

ஆலா கீழே பார்த்தாள். உவரியின் தலை நீருக்குமேல் அசையாமல் நின்றது. ஆலா ஒரே ஒரு சொல் சொன்னால் போதும். புயல் வடக்கே திரும்பும். திரும்பினால் எங்கே போகும் என்பது மூவருக்கும் தெரியும்.

“நீர்தான் தெரிகிறது, அண்ணாச்சி. நீங்கள் குடித்தவற்றிலேயே மிகச் சூடான நீர். அலை இல்லை. காற்று இல்லை.”

“ஆபத்து?”

“என் கண்ணில் ஒன்றும் படவில்லை.”

அவன் அடுத்த அடியை நடுக்கோட்டின்மேல் வைத்தான்.

சுழற்சி நின்றது. முதலில் ஓசை அடங்கியது. பிறகு மதில் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அவ்வளவு உயரம் எழுந்திருந்த மேகம், ஏன் எழுந்தோம் என்று மறந்துபோனதுபோல, அப்படியே இறங்கியது.

“ஓட்டுக்காரி,” என்று கேட்டான் சூறையன். குரலில் கோபம்கூட இல்லை, வியப்பே இருந்தது. “இத்தனை நாளும் என்னைச் சுழற்றியது யார்?”

“பூமி.”

“முதலிலேயே சொல்லியிருக்கலாமே.”

“நீங்கள் கேட்கவில்லை.”

“நான் ஒருவனாக இருந்தவரை ஒரு நேரத்தில் ஓரிடத்தில்தான் இருந்தேன்,” என்றான் அவன். “அதையும் நீ கேட்கவில்லை.”

அவன் வயிறு வெடித்தது. தேக்கிவைத்த சூடெல்லாம் துண்டு துண்டாகத் தெறித்து, வடக்கிலும் தெற்கிலும் இருந்த கடல்களில் போய் விழுந்தது. ஆலா திறந்த வானத்துக்குள் பறந்தாள். எந்தத் திசையில் போவது என்று சிறிது நேரம் அவளுக்குப் புரியவில்லை.

அந்தப் பங்குனியில் குணகடல் கண்ணாடிபோல் கிடந்தது. கோடிக்கரை மணல் பிளந்து குஞ்சுகள் வெளிவந்து, ஒன்றன்மேல் ஒன்று ஏறி, கடலுக்குள் இறங்கின. உவரி அதைப் பார்க்கவில்லை. அவள் தெற்கே, உடம்பு தேறும்வரை நீரில் மிதந்துகொண்டிருந்தாள். அங்கே தென்கடலைச் சேர்ந்த ஓங்கில் என்னும் டால்பின் ஒன்று அவளிடம் வந்தது. அதன் முதுகெல்லாம் பாறையில் உரசிய காயம்.

“நீங்கள் வடக்கேயிருந்து வந்தவர்தானே, அம்மா?” என்று கேட்டது ஓங்கில். “எங்கள் கடலில் ஏதோ ஒன்று விழுந்து சுழல்கிறது. வலமாகச் சுழல்கிறது. என் கூட்டத்தில் பாதியைக் கரையில் தூக்கிப்போட்டுவிட்டது. அதற்கு உங்கள் பக்கத்தில் ஏதாவது பெயர் உண்டா?”

உவரி அதன் முதுகுக் காயங்களைப் பார்த்தாள்.

“புயல்,” என்றாள்.

அதன்பின் நிலைபெற்றவை இவை.

சிதறிய துண்டுகளுக்கு வேற்றுக்கடலின் சூட்டைச் சுமந்து வரும் வயிறு இல்லை. ஆகவே ஒவ்வொரு புயலும் தான் விழுந்த கடல் நன்கு சூடேறும் மாதத்துக்குக் காத்திருந்து எழுகிறது. குணகடலில் அது சித்திரை, வைகாசியில் ஒருமுறை கண் விழிக்கும். சோழகம் வீசும் மாதங்களில், கீழே வீசும் காற்று கால்களை ஒரு பக்கமும் உயரத்தில் வீசும் காற்று தலையை மறுபக்கமும் இழுப்பதால் நிமிர முடியாமல் கிடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் முழு வலிமையுடன் எழும். மாசியிலும் பங்குனியிலும் நீர் குளிர்ந்திருப்பதால் பெரும்பாலும் உறங்கும். ஆமைகள் அப்போது கரையேறுகின்றன. பங்குனி ஆமை என்ற பெயர் அவற்றுக்கு உண்டு.

எல்லாவற்றிலும் பெரிய துண்டு சீனத்துக்குக் கிழக்கேயுள்ள பெருங்கடலில் விழுந்தது. அது எந்த மாதத்திலும் எழ வல்லது. ஆவணியில் மிகுதியாக எழும். மேற்கே, ஆப்பிரிக்காவுக்கு அப்பாலுள்ள கடலின் வடபகுதிக்கு ஆவணியும் புரட்டாசியும் உரியவை. அதே கடலின் தென்பகுதியில் துண்டு எதுவும் விழவில்லை என்றே சொல்லலாம். தென்கடல்களின் புயல்கள் தையிலும் மாசியிலும் வலஞ்சுழியாகச் சுழல்கின்றன. நடுக்கோட்டின்மேல் எந்தப் புயலும் நிற்பதில்லை.

இவை ஆண்டுதோறும் அச்சில் வார்த்தாற்போல் நடப்பதும் இல்லை. ஓர் ஐப்பசி வெறுமனே கழியும். ஒரு மார்கழி எதிர்பாராமல் சீறும். பல்லாண்டுகளைச் சேர்த்து வகுத்துப் பார்த்தால்தான் ஒவ்வொரு கடலின் பங்கும் தெரியவரும். சூறையன் வயிற்றில் இருந்த சூடு அவ்வளவுதான் என்பதால், ஒரு கடல் தன் பங்குக்கு மேல் எடுக்கும் ஆண்டில் இன்னொரு கடலுக்குப் பெரும்பாலும் குறைகிறது. உலகத்தின் மொத்தம் அதிகம் மாறுவதில்லை.

உவரி முன்னே நீந்திய அந்தப் பங்குனியிலிருந்துதான், ஒரு கடலின் புயல்மாதம் முடியும்போது வேறொரு கடலின் புயல்மாதம் தொடங்குகிறது. உலகம் முழுவதும் அமைதியாக இருக்கும் மாதம் என்று ஒன்று இல்லாமல் போனது.