மாவலிராயர் குடிபெயர்ந்த கதை

வெண்குன்றை நகரில் தெருவுக்கு ஒரு குடம் உண்டு. ஆண்டில் ஒரு நாள் மக்கள் தமக்கு வேண்டிய தலைவரின் பெயரை ஓலையில் எழுதி அதில் இடுவார்கள். குடத்தைச் சுற்றி எப்போதும் நரைத்த தலைகளே தென்பட்டன.

"இளைஞர்கள் சோம்பேறிகள், அரசே," என்றார் மூத்த அமைச்சர் மாவலிராயர். தாம் கண்டறிந்த பேருண்மைபோல அதை மூன்று முறை சொன்னார். "இவ்வாண்டு ஓலை இடாதவர் எவராயினும் நகரை விட்டு வெளியேற வேண்டும் என்று ஆணையிடுங்கள்."

மன்னர் கோவரையருக்கு யோசிப்பதைவிட ஆணையிடுவது எளிது. இட்டுவிட்டார்.

அவைப்புலவர் திருநீலர் மனத்துக்குள் கணக்குப் போட்டார். கூலிக்கு நெய்யும் இளைஞர் நானூறு பேர் அந்த ஆணையில் அகப்படுவார்கள். "அவர்கள் சோம்பேறிகள் அல்லர், அரசே," என்றார்.

"மெய்ப்பித்துக் காட்டும். இல்லையேல் அவர்களோடு நீரும் மூட்டை கட்டும்," என்றார் மன்னர்.

குடத்துக்குரிய விதிகளை எழுதியவர் மாவலிராயர். அவற்றைப் படித்தவர் திருநீலர் ஒருவரே. அவர் பணிவாக வணங்கினார். "ஆகட்டும், அரசே. இத்தனை அறிவுள்ள அமைச்சர் இன்னும் அந்தக் குறுகலான தெருவில் குடியிருப்பது நமக்கு அழகா? ஆற்றங்கரை மாளிகை பூட்டிக் கிடக்கிறதே."

புகழ்ச்சி எங்கிருந்து வந்தாலும் மாவலிராயர் சந்தேகப்படுவதில்லை. மறுவாரமே மாளிகையில் குடிபுகுந்தார்.

ஓலை நாள் வந்தது. ஆற்றங்கரைத் தெருவின் எழுத்தர் ஏட்டைப் புரட்டினார். "தங்கள் பெயர் இங்கே இல்லை, ஐயா. மூன்றாண்டு இங்கே வாழ்ந்ததாக அண்டை வீட்டார் இருவர் சாட்சி சொன்னால்தான் எழுதலாம்."

"நான் வந்தே இருபது நாள்தான் ஆகிறது."

"அப்படியானால் பழைய தெருவில் கேட்டுப் பாருங்கள்."

பல்லக்கு அங்கே ஓடியது. அந்தத் தெரு எழுத்தர் தலையைச் சொறிந்தார். "குடிபெயர்ந்தவர் பெயரை அன்றே அடித்துவிடுவோம், ஐயா. தாங்கள் வகுத்த விதிதானே."

அதற்குள் பொழுது சாய்ந்தது. குடத்தை மூடிவிட்டார்கள்.

மறுநாள் அவையில் திருநீலர் எழுந்தார். "ஓலை இடாத சோம்பேறி ஒருவர் இங்கேயே அமர்ந்திருக்கிறார், அரசே."

மாவலிராயரின் முகம் சிவந்தது. "நானா சோம்பேறி? முப்பது ஆண்டுகளில் ஒரு முறைகூடத் தவறியதில்லை."

"முப்பது ஆண்டுகளில் ஒரு முறைகூட வீடு மாறியதும் இல்லையே, ஐயா. தறி கிடைக்கும் இடம் தேடி ஆண்டுக்கொரு குடில் மாறுகிறவன், நேற்றுத் தாங்கள் பல்லக்கில் அலைந்ததுபோலக் கால்நடையாக அலைகிறான். இளைஞரில் சோம்பேறிகள் இல்லாமல் இல்லை. முதியவரிலும் உண்டு. அவர்களுக்குக் குடம் வாசலிலேயே இருக்கிறது."

அமைச்சரை நகரை விட்டு அனுப்ப மனமின்றி, கோவரையர் ஆணையைத் திரும்பப் பெற்றார். "வென்றீர், திருநீலரே. ஆற்றங்கரையில் உமக்கும் ஒரு மாளிகை தருகிறேன்."

"வேண்டாம், அரசே. அடுத்த ஆண்டு நான் ஓலை இட வேண்டும்."

அரசர் வயிறு குலுங்கச் சிரித்தார். சிரிப்பு அடங்கியதும், அந்த மூன்றாண்டு விதியை நீக்கலாமா என்று அவையைக் கேட்டார்.

முதலில் உயர்ந்தது மாவலிராயரின் கை.