பொத்தல் ஓலை

காரைமேட்டு ஜமீன்தாருக்கு எதைக் கண்டாலும் தன் அரண்மனைக்கு வேண்டும். பட்டணத்தில் வாங்கிய அச்சுப் புத்தகத்தில், கேள்வி முடிகிற இடத்திலெல்லாம் ஒரு கொக்கி போட்டுக் கீழே புள்ளி வைத்திருந்தது. ஊர் வந்ததும் ஓலை எழுதும் குழைக்காதனைக் கூப்பிட்டார்.

"ஓய், இனிமேல் எனக்கு வரும் ஓலையில் ஒவ்வொரு கேள்விக்கும் இந்தக் குறி இருக்கணும். இல்லையென்றால் உமக்கு இங்கே வேலை இல்லை."

"எழுத்தாணியால புள்ளி வெச்சா ஓலை பொத்தலாயிடுமே, எசமான். அதனாலதான் நாங்க எந்த எழுத்துக்கும் புள்ளியே வைக்கிறதில்லை."

"பொத்தலானால் ஆகட்டும்!"

மறுநாள் சபையில் குழைக்காதன் சல்லடை மாதிரி ஓர் ஓலையை நீட்டினான். ஜமீன்தார் பிடித்த இடம் கிழிந்து கையோடு வந்தது.

"என்ன ஓய் இது?"

"மடையை எப்போ திறப்பீங்கன்னு குடியானவங்க கேட்டது, எசமான். கேட்ட ஒவ்வொரு தரத்துக்கும் ஒரு குறி. நீங்க ஒரு தரம் பதில் சொல்லியிருந்தா ஓலை பிழைச்சிருக்கும்."

சபை சிரித்துவிட்டது. ஜமீன்தார் முகம் சுண்டிப்போய், அன்றைக்கே மடையைத் திறக்கச் சொன்னார்.

ஊரே குழைக்காதனை மெச்சியது. அவனோ வரப்பில் நின்று, கருகிப்போன பயிருக்குள் தண்ணீர் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அந்தப் பாழாய்ப்போன புத்தகத்தை இந்த மனுஷன் போன மாசமே வாங்கியிருக்கக் கூடாதா?" என்றான்.